‘அலங்கார வாள்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆச்சே வாள்களை ஏலம் விடுபவர்களுக்கும், வாங்கிச் சேர்ப்பவர்களுக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விவரச்சீட்டு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பினாங்கில் மூன்று தலைமுறையாக நகை வேலை செய்யும் பத்தர் குடும்பத்தைச் சேர்ந்தவன். கண் மங்கத் தொடங்கியதும் பட்டறையில் உட்காரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். மிச்ச நேரத்தையும் கொஞ்சம் பணத்தையும் பழைய வாள்கள் தின்கின்றன. “பத்தர் வீட்டில் நகையைத் தவிர எல்லாம் இருக்கு” என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. வீட்டில் இருப்பது பதினோரு வாள்கள், அதில் ஏழு, இந்தோனேசியாவில் சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே நாட்டவை. நான் அருங்காட்சியக அதிகாரியும் இல்லை, வரலாறு படித்தவனும் இல்லை. ஆனால் உலோகத்தைப் பார்த்தால் அது என்ன என்று சொல்லத் தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஓர் ஏல நிறுவனத்தில் இணையம் வழியாக ஒரு வாள் எடுத்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. பட்டியலில் அதற்கு எழுதியிருந்த வரி இதுதான்: “மலாய் கெரிஸ் வகை அலங்கார வாள், 19-ஆம் நூற்றாண்டு, பித்தளை வேலைப்பாடு, உறையுடன்.” பார்சலைப் பிரித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கெரிஸ் என்பது இருபுறமும் கூருள்ள குத்துவாள். அதன் அலகு பிடிக்கு அருகே ஒரு பக்கமாக அகன்று நிற்கும். என் கையில் இருந்ததோ ஒரே பக்கம் கூருள்ள, நேராக ஓடும் நீண்ட வெட்டுவாள். கொடுவாளைக் காட்டி ஊசி என்று சொன்னதுபோல இருந்தது. அலங்காரம் என்றார்கள், அலகின் வாய் பலமுறை தீட்டித் தீட்டித் தேய்ந்து, நடுவில் லேசாக உள்வாங்கியிருந்தது. சுவரில் தொங்க மட்டும் செய்த வாளை யாரும் அத்தனை தடவை தீட்டமாட்டார்கள்.

பித்தளை என்று எழுதியிருந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பித்தளையை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் ஒரு வாடை அடிக்கும்; பாத்திரக் கடையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். பிடியைச் சுற்றிய இந்தப் பூணைத் தேய்த்தேன், வாடை இல்லை. இடுக்குகளில் பச்சைக் களிம்பும் இல்லை. நிறம், கொஞ்சம் கூடுதலாகச் செம்பு போட்ட பழைய தங்கத்தின் சிவப்பு. அது சுவாசா. தங்கமும் செம்பும் கலந்த அந்தக் கலவையை மலாய், ஆச்சே பொற்கொல்லர்கள் தாழ்ந்த சரக்காக நினைத்ததில்லை. அந்தச் சிவப்புக்காகவே விரும்பி வேலை செய்தார்கள். பூணின் மேல்விளிம்பில் பூ இதழ் போல வெட்டு, அதன் கீழே முறுக்குக் கம்பி ஓட்டம், ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த, மீனா என்னும் பச்சைக் கண்ணாடிப் பூச்சின் துணுக்கு. பட்டியல் எழுதியவர் இதையெல்லாம் ஒரு சொல்லில் பித்தளையாக்கி விட்டிருந்தார். மலிவாகக் கிடைத்ததே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்கலாம். பட்டேன்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த வரியோடு அந்த வாள் வேறு யார் வீட்டுக்காவது போயிருந்தால், பித்தளை என்றே நினைத்துப் பாலிஷ் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உறையின் ஒரு பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு, மரம் வெளிறிய ஒரு நீள்சதுரம். ஓரங்களில் பழைய கோந்தின் பழுப்பு. யாரோ எப்போதோ ஒட்டிய சீட்டு அங்கே நெடுங்காலம் இருந்திருக்கிறது. அண்மையில்தான் போயிருக்கிறது, ஏனென்றால் அந்தச் சதுரத்தில் அழுக்கு இன்னும் ஏறவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பழைய ஒட்டுச்சீட்டுகளைப் படம் எடுப்பதற்கு முன் நீக்கிவிடுவது வழக்கம் என்று பணிவாகப் பதில் வந்தது. அவ்வளவுதான். அந்த வாள் யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்த ஆண்டில் கைமாறியது என்பது ஒருவேளை அந்தத் தாளில் இருந்திருக்கும். அது இப்போது ஏதோ ஒரு குப்பைக்கூடையில்.

சரி, அது என்ன வாள்? ஆச்சே மொழியில் அதன் பெயர் சிக்கின் பன்யாங். ‘சிக்கின்’ அரபியில் கத்தி. ‘பன்யாங்’ மலாயின் ‘பஞ்சாங்’, அதாவது நீளம். நீளக்கத்தி, அவ்வளவு எளிய பெயர். கையைக் காக்கும் குறுக்குத் தடுப்பு இதில் கிடையாது. முதுகும் வாயும் கிட்டத்தட்ட இணையாக ஓடி, நுனியில் வாய்ப்பக்கம் வளைந்து முதுகைச் சந்திக்கும். பிடிதான் பார்க்கவேண்டியது. எருமைக்கொம்பில் செதுக்கிய பிடி, முடிவில் இரண்டாகப் பிளந்து கவட்டை போல நிற்கும். ஐரோப்பியப் பட்டியல்களில் இதை ‘திறந்த வாய்’ என்பார்கள், ‘முதலை வாய்’ என்பார்கள், ஒருவர் ‘அசுரனின் தாடை’ என்றே எழுதியிருந்தார். ஆச்சேக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் தும்பாங் ஜிங்கி. ஜிங்கி என்பது காலால் மிதித்து நெல் குத்தும் உலக்கை மரம். நீண்ட மரத்தின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனையில் உள்ள உலக்கை எழுந்து உரலில் விழும். அந்த மரத்தைத் தாங்கும் கவட்டைக் காலின் பெயர்தான் வாள்பிடிக்கு. ஆச்சே வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில், பெண்கள் நெல் குத்திய இடத்திலிருந்து எடுத்த பெயர். அதை அசுரனின் தாடையாக்கிவிட்டால் எவ்வளவு தொலைந்துபோகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிடிக்கு ஆச்சே மொழியில் ‘உலே’ என்று சொல்வார்கள். தலைக்கும் அதே சொல். பிடியின் வடிவத்தை வைத்து ‘உலே’யோடு இன்னொரு சொல் சேரும். பூனை வால் என்று பொருள்படும் ‘இக்கு மியே’ என்ற பெயரில் ஒன்று உண்டு. நம் பட்டறையில் சங்கிலிக்கு நெல்லிக்காய், கோதுமை, கயிறு என்று பெயர் வைப்பதுபோலத்தான். தொழில் செய்கிறவன் பெயரை எப்போதும் அடுக்களையிலும் தோட்டத்திலும் இருந்துதான் எடுப்பான். ஆகவே என் முதல் வேண்டுகோள்: ஊர்ப்பெயர் தெரிந்தால் ஊர்ப்பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் வடிவத்தைச் சாதாரணச் சொல்லில் எழுதுங்கள். ‘முடிவில் இரண்டாகப் பிளந்த கொம்புப் பிடி’ என்று எழுதினால் போதும். பின்னால் வருகிற எவரும் அதைப் படித்துச் சரியான பெயரைக் கண்டுபிடித்துக்கொள்வார். நீங்களாக ஒரு முதலையைக் கொண்டுவந்து விட்டால், அதை விரட்ட இரண்டு தலைமுறை ஆகும்.

விவரம் எழுதுவதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பார்த்தது, கேட்டது, நினைத்தது, இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக்கூடாது. நகைக்கடையில் ரசீது எழுதும்போது எடையைத் தனியாக, மாற்றைத் தனியாக, கல்லைத் தனியாக எழுதுவோம். வாடிக்கையாளர் ‘இது எங்க பாட்டி காலத்து நகை’ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வோம், எடைக் கட்டத்தில் எழுதமாட்டோம். என் வாளுக்கு நான் எழுதி வைத்திருப்பதைக் காட்டுகிறேன்.

“மொத்த நீளம் 78.5 செ.மீ. அலகு மட்டும் 61 செ.மீ. பிடியருகே அகலம் 2.6, நுனிக்குச் சற்று முன் 3.1. முதுகின் கனம் பிடியருகே 6 மி.மீ., நுனியில் 2. உறை இல்லாமல் எடை 520 கிராம். ஒரு பக்கம் மட்டும் கூர். முதுகை ஒட்டி இரு பக்கமும் ஒற்றை நீளப் பள்ளம். வாயில் ஏழு சிறு வெட்டுத்தடங்கள், ஆறு நுனிப் பக்கப் பாதியில். பிடி கருங்கொம்பு, முடிவில் கவட்டை. கவட்டையின் ஒரு முனை உடைந்து, உடைந்த இடம் கை பட்டு வழவழப்பாகியுள்ளது. பூண் சிவந்த பொன்கலவை, பச்சை மீனாவின் மிச்சம் ஓரிடத்தில். உறை இரண்டு மரத் துண்டுகள், மூன்று கட்டு, அதில் இரண்டு பிரம்பு. நடுக்கட்டு பிற்காலத்தது, நைலான் கயிறு. உறையில் சீட்டு இருந்த தடம். உறை வாயின் உட்பக்கம் வெள்ளை மையில் எண், பாதி அழிந்தது.”

அதற்குக் கீழே தனிப் பத்தியாக: “விற்றவர் சொன்னது: ஒரு வீட்டுப் பொருள்களோடு வந்தது, ஊர் தெரியாது.” அதற்கும் கீழே: “என் ஊகம்: ஆச்சே, கடற்கரைப் பகுதி, டச்சுப் போர்க் காலத்துக்கு முன்போ போரின்போதோ புழக்கத்தில் இருந்தது.” ஊகம் தவறாகலாம். மேலே உள்ள பத்தி தவறாகாது, அளவுகோல் பொய் சொல்லாதவரை. அந்த நைலான் கயிற்றைப் பற்றி எழுத எனக்கும் கை கூசியது. ஆனால் எழுதாமல் விட்டால் நான் பட்டியல்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

‘19-ஆம் நூற்றாண்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதையும் கொஞ்சம் நிறுத்தலாம். பெரும்பாலான ஆச்சே வாள்களில் தேதி கிடையாது. உறுதியாகத் தெரிவது அது எப்போது சேகரிக்கப்பட்டது என்பது மட்டும்தான், அதுவும் சீட்டு கிழிக்கப்படாமல் இருந்தால். ‘1904-க்கு முன்’ என்று எழுதக் கை வந்தால், அது ஒரு நூற்றாண்டைத் தூக்கிப் போடுவதைவிட எவ்வளவோ நேர்மையானது.

நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. ஆச்சே வாள்களில் பெடெங் என்று ஒரு வகை உண்டு, மலாயில் பெடாங். வளைந்த அலகு, உலோகப் பிடி, பிடியின் தலையில் கிண்ணம் கவிழ்த்ததுபோல ஒரு வட்டத்தட்டு, அதன் உச்சியில் சின்ன முளை. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் முகலாயர் காலத்தில் பரவிய வாள்பிடியோடு இதற்கு உறவு இருப்பது பார்த்தவுடன் தெரியும். அலகே சில சமயம் இந்தியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். அண்மையில் இப்படி ஒன்றை ‘சோழர் போர்வாள், கடாரப் படையெடுப்பு’ என்று தமிழில் விவரம் எழுதி ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்தார். ஐயா, ராஜேந்திரன் கடல் கடந்து போனது உண்மை. ‘கலாமுதிர் கடுந்திறல் இலாமுரி தேசமும்’ என்று மெய்க்கீர்த்தி சொல்லும் இலாமுரி, இன்றைய பண்டா ஆச்சே பக்கத்தில் இருந்த லாமுரிதான். பண்டா ஆச்சேயின் நெயுசு பகுதியில் கிடைத்த வணிகக் குழுத் தமிழ்க் கல்வெட்டு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமத்ராவின் பாரூஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் வெட்டிய கல்வெட்டும் உண்டு. நமக்குச் சொல்லிக்கொள்ள அங்கே போதுமான அளவு கல் இருக்கிறது. அதற்காகப் பல நூற்றாண்டு பிந்திய பிடியுள்ள வாளைத் தூக்கி ராஜேந்திரன் கையில் கொடுக்க வேண்டாம். வெள்ளைக்காரர் எழுதிய முதலை வாய்க்கும் நாம் எழுதும் சோழர் வாளுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் ஆச்சேக்காரர் காணாமல் போகிறார்.

காயோ, ஆலாஸ் மக்கள் இன்னும் ஒருபடி அதிகமாகக் காணாமல் போகிறார்கள். ஆச்சேயின் உள்நாட்டு மலைகளில் வாழ்பவர்கள் அவர்கள். காயோ மொழி வேறு, ஆச்சே மொழி வேறு. அவர்களிடம் அமன்ரெமு என்று ஒரு வாள் உண்டு. பிடியருகே ஒடுங்கித் தொடங்கி நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும் அலகு. கையில் எடுத்தால் எடை முழுக்க முன்னால் இழுக்கும், நம் ஊர் அரிவாளைத் தூக்குவதுபோல. கடற்கரை ஆச்சேயிலும் புழங்கியது என்பதால் எல்லாவற்றையும் ‘ஆச்சே’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மலையில் சேகரித்தது என்று தெரிந்தால் மலை என்று எழுதுங்கள்.

மலை என்று எழுதும்போது இன்னொன்றையும் எழுதவேண்டி வரும். பல பட்டியல்களில் ‘போர்க்களத்தில் பெறப்பட்டது’ என்று ஒரு வரி பார்க்கிறேன். ‘பெறப்பட்டது’ என்ன சொல்? டச்சுக்காரர்கள் ஆச்சே மீது போர் அறிவித்தது 1873 மார்ச்சில். முதல் படையெடுப்பின் தளபதி கோஹ்லர் அடுத்த மாதமே, ஏப்ரல் 14 அன்று, பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1874 ஜனவரியில் சுல்தானின் கோட்டை விழுந்தது. சுல்தான் முகம்மது தாவூத் ஷா சரணடைந்தது 1903-இல். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1904-இல் டச்சு அதிகாரி வான் டாலன் காயோ, ஆலாஸ் நாடுகளுக்குள் படை நடத்தினார். ஜூன் 14 அன்று குத்தா ரே என்ற கோட்டைக் கிராமத்தில் 313 ஆண்கள், 189 பெண்கள், 59 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். இது டச்சுக்காரர்களே எழுதிவைத்த கணக்கு. மதில்மேல் படைவீரர்கள் நிற்க, கீழே உடல்கள் கிடக்கும் புகைப்படத்தை எடுத்தவரும் அந்தப் படையோடு போன மருத்துவ அதிகாரிதான். அந்த வருடத்து மலை வாள் ஒன்று உங்கள் கையில் இருந்தால், அது எப்படி வந்திருக்கக்கூடும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. உறுதியாகத் தெரியாதபோது கொள்ளை என்று எழுதச் சொல்லவில்லை. ‘1904, காயோ படையெடுப்பில் இருந்த அதிகாரியின் குடும்பத்திடமிருந்து’ என்று சீட்டில் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ‘பெறப்பட்டது’ என்று சுருக்க வேண்டாம்.

அந்தப் போரிலேயே பிறந்த ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் திடீரென்று பாய்ந்து வாளால் வெட்டும் ஆச்சேக்காரர்களை நீளத் துப்பாக்கியால் சமாளிக்க முடியாமல், டச்சுக்காரர்கள் 1890-இல் மாரெஷோசே என்ற சிறு படையை அமைத்தார்கள். அம்போன், மெனாடோ, ஜாவாக்காரர்கள் நிறைந்த அந்தப் படைக்குக் குட்டைத் துப்பாக்கியோடு ஆளுக்கொரு கெலேவாங் வெட்டுவாள் கொடுத்தார்கள். அது உள்ளூர் வெட்டுவாளைப் பார்த்துச் செய்த ராணுவச் சரக்கு. கையை மூடும் இரும்புக் கூடு இருக்கும், ஆலை முத்திரை இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் 1917 வாள்கூட அதைப் பார்த்துச் செய்ததுதான். இதை ‘ஆச்சே வீரரின் கெலேவாங்’ என்று விற்கிறார்கள். வெட்டியவன் வாளை வெட்டுப்பட்டவன் பெயரில் எழுதுவது! முத்திரையைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும்.

ரெஞ்சோங்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது குத்துவாள், ஆச்சேயின் அடையாளச் சின்னம். ஆச்சே பெசாரில் பாயெத் கிராமத்துக் கொல்லர்கள் இன்றும் அடிக்கிறார்கள். அவர்கள் புதிதாகச் செய்து நினைவுப் பொருளாக விற்பதை வாங்கிப்போய், புகை போட்டுப் பழசாக்கி விற்கிற ஆட்கள் உண்டு. கொல்லர்மேல் தவறில்லை.

விவரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட இளவரசர் திப்போநெகோரோ 1830-இல் பிடிபட்டார். அவருடைய கெரிஸ் ஹாலந்து போய், அரசரின் அரும்பொருள் அறையில் இருந்து, பின்னர் லைடன் அருங்காட்சியகத்துக்கு மாறியது. நடுவில் எந்தக் கெரிஸ் எது என்பதே தொலைந்துபோனது. பல ஆண்டுகள் தேடி, பழைய கடிதங்களை ஒப்பிட்டு, 2020 மார்ச்சில் ஒன்றை இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தார்கள். உடனே சர்ச்சை. பழைய குறிப்பில் இருக்கும் பெயர் நாக சிலுமன். அப்படியென்றால் நாகத்தின் தலை மட்டும் தெரிந்து உடல் அலகுக்குள் மறைய வேண்டும்; திரும்பி வந்ததிலோ நாகம் முழு உடலோடு நெளிகிறது, அது நாக சஸ்ரா என்றார்கள் ஜாவாக் கெரிஸ் அறிந்தவர்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஹாலந்துக்கு அது போய்ச் சேர்ந்த நாளில் ஒரு எழுத்தர் உட்கார்ந்து, நாகத்தின் உடல் தெரிகிறதா இல்லையா, எத்தனை வளைவு, பிடி என்ன மரம் என்று நான்கு வரி எழுதியிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. இளவரசரின் பொருளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஒரு ஆச்சே விவசாயியின் நீளக்கத்திக்கு யார் வருவார்கள்?

ஹாலந்து அரசு 2021-இலிருந்து, காலனிக் காலத்தில் உரியவர்களின் விருப்பமில்லாமல் எடுக்கப்பட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதைக் கொள்கையாக ஏற்றிருக்கிறது. 2023-இல் இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாகச் சேர்த்து 478 பொருள்களைத் திருப்பித் தர முடிவானது. கண்டியின் பீரங்கி அதில் ஒன்று. 2024-இல் இந்தோனேசியாவுக்கு மேலும் 288. இவையெல்லாம் அரசின் சேகரிப்பில் இருந்தவை. எங்களைப் போன்ற தனியார் வீடுகளிலும் ஏலக்கூடங்களிலும் இருப்பவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே எங்கள் கையில் இருக்கும்வரை சீட்டும் எண்ணும் தொலையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

இப்போது துடைப்பது பற்றி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அலகில் சிவப்புத் துரு தூளாக உதிர்ந்தால், மெல்லிய எண்ணெயைத் தொட்டு மென்மையான துணியால் எடுங்கள், போதும். கருப்பாகப் படிந்த பழைய நிறத்தை விட்டுவிடுங்கள், அது இரும்பைக் காக்கிறது. சில விற்பனையாளர்கள் அந்தக் கருப்பை ‘ரத்தக்கறை’ என்றும் ‘விஷம் தோய்த்தது’ என்றும் எழுதி விலை ஏற்றுவார்கள். அது வெறும் இரும்பும் ஈரமும் சேர்ந்த வேலை. உப்புத்தாள், மெருகேற்றும் பஃப் சக்கரம், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போடுவது வேறு, இது வேறு. பஃப் போட்ட அலகில் அடுக்கு அடுக்காக அடித்த இரும்பின் வரி மறைந்துபோகும், தீட்டிய தடமும் போய்விடும்.

பிடி ஆடுகிறது என்று கழற்றப் பார்க்காதீர்கள். அலகின் காம்பைப் பிடிக்குள் குங்கிலியம் போன்ற பிசினால் இறுக்கியிருப்பார்கள். இளக்குவதற்காகச் சூடு காட்டினால் கொம்பு வெடிக்கும், மீனா தெறிக்கும். மெதுவாக ஆடுகிற பிடி இன்னும் நூறு வருஷம் ஆடிக்கொண்டே இருக்கும், விடுங்கள். கொம்பில் சிறு ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. அதைத் தனியாக வையுங்கள், மற்றவற்றுக்குப் பரவும். பினாங்கு ஈரத்தில் நான் ஒருமுறை தூங்கிவிட்டு ஒரு நல்ல பிடியின் பாதியை இழந்தேன்.

பூண் இல்லாத பிடியில், பூண் இருந்த இடத்தைப் பாருங்கள். கொம்பு அங்கே மட்டும் நிறம் வெளிறி, ஒரு விரல் அகலத்துக்கு வளையமாகத் தெரியும். கஷ்ட காலத்தில் யாரோ ஒரு குடும்பம் தங்கத்தை மட்டும் கழற்றி விற்றிருக்கும். அடகுக்கு வருகிற தாலிக்கொடியில் குண்டுமணி ஒவ்வொன்றாகக் குறைவதை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். அந்த வளையத்தைப் பார்த்தால் எனக்குப் புரியும். அந்த இடத்தில் புதுப் பூண் செய்து மாட்டித் தரச் சொல்லி என்னிடமே இரண்டு சேகரிப்பாளர்கள் கேட்டார்கள். மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். செய்து தந்திருந்தால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் மாட்டேன் என்றேன்.

பண்டா ஆச்சே அருங்காட்சியகம் பிறந்த கதையே இந்த மடலுக்குப் பொருந்தும். 1914-இல் ஜாவாவின் செமாராங்கில் நடந்த காலனியக் கண்காட்சிக்கு ஆச்சே வீடு ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். உள்ளே காட்டிய பொருள்களில் பெரும்பகுதி ஸ்டாமஸ்ஹவுஸ் என்ற டச்சு அதிகாரியின் சொந்தச் சேகரிப்பு. வீடு திரும்பி வந்து, 1915 ஜூலை 31 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தது; அவரே முதல் காப்பாளர். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது அவருடைய பொருள்களும் கப்பலேறின. அவற்றில் பெரும்பகுதி இன்று ஆம்ஸ்டர்டாமில். வீடு பண்டா ஆச்சேயில், வீட்டுச் சாமான் ஹாலந்தில். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது, பக்கத்தில் இருந்த ஆச்சே ஆவண மையம் கட்டடத்தோடும் தாள்களோடும் போய்விட்டது. எத்தனை குடும்பங்களின் பரம்பரை வாள்கள் அன்று போயின என்று யாரும் எண்ணவில்லை, எண்ண முடியாது. இன்று ஒரு ஆச்சே மாணவர் தன் தாத்தா காலத்து வாள் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால், அவர் தேடவேண்டிய இடங்களில் உங்கள் பட்டியலும் ஒன்று. அங்கே ‘கெரிஸ் வகை அலங்கார வாள்’ என்று இருந்தால் தேடலில் அது வரவே வராது.

அதனால் கேட்பது இதுதான். சீட்டைக் கிழிக்காதீர்கள், கிழித்தே தீரவேண்டும் என்றால் முதலில் படம் எடுத்து, அந்தப் படத்தைப் பொருளோடு அனுப்புங்கள். பழைய ஏலப் பட்டியல்களில் தவறாக எழுதியதை இணையத்தில் திருத்துங்கள். திருத்தினோம் என்று ஒரு வரி போட்டால் உங்கள் மரியாதை குறையாது. வாளைப் பளபளப்பான பக்கம் மட்டும் படமெடுக்காமல், உடைந்த மூலையையும், பிடியின் அடியையும், உறையின் உட்பக்கத்தையும் எடுங்கள். அளவுகளோடு ஒரு நகலைப் பண்டா ஆச்சே அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். நான் என் ஏழு வாள்களுக்கும் அனுப்பிவிட்டேன். சேகரிப்பாளர்களே, இந்தோனேசியாவில் 2010-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி பண்பாட்டுப் பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ‘சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த வாளை விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத பிடி வடிவம் வந்தால் ஆச்சேக்காரரைக் கேளுங்கள். எனக்கு ஜிங்கியைக் கால் மிதித்துக் காட்டி விளக்கியவர், பினாங்கு லெபோ ஆச்சே பள்ளிவாசல் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு மூதாட்டி. ‘மாக்சிக்’, அதாவது மலாயில் அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். வாளின் பிடியைப் பார்த்தார், கடகடவென்று சிரித்தார், மேசைக்கடியில் வலது காலை மூன்று முறை தட்டினார். நான் படித்த எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

கடைசியாக என் சொந்தக் காரியம். என் வாளின் உறை வாய்க்குள் இருக்கும் வெள்ளை மை எண்ணில் முதல் இலக்கம் 2, கடைசி இரண்டும் 47. நடுவில் இரண்டோ மூன்றோ இலக்கம் அழிந்துவிட்டது. அழிந்தவற்றில் கடைசி இலக்கம் இருந்த இடத்தில் மேலே ஒரு கிடைக்கோடு மட்டும் தெரிகிறது. 7 ஆக இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். உங்களில் யாரிடமாவது பழைய சேகரிப்பு ஒன்றின் எண்வரிசைப் பட்டியல் இருந்து, அதில் இப்படி ஓர் எண்ணும் பக்கத்தில் ‘கவட்டைப் பிடி, ஒரு முனை உடைந்தது’ என்ற மாதிரி ஒரு குறிப்பும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சீட்டை உரித்தவர் இதைப் படித்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் இருக்கும் அளவுக்காவது எழுதுங்கள். ஒரு ஊர்ப்பெயர் போதும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஒரு பத்தர்